பஸ் ஸ்டாண்டில் இரவைக் கழிக்கும் பிள்ளைகள்: புதிதாக உதவ வருபவர்களுக்கு

இலங்கையின் மலையக டவுன் ஒன்றில் கடைசி பஸ் போன பிறகு ஸ்டாண்டைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். ஷட்டர் இறக்கிய கடை வாசலில், மரக்கறி மார்க்கட் படிக்கட்டுக்குக் கீழே, பேக்கரியின் பின்சுவரோரம் இரண்டு மூன்று பேர் சுருண்டு கிடப்பார்கள். பேக்கரிச் சுவரைத் தேடிப் போவதற்குக் காரணம் இருக்கிறது. போறணையின் சூடு விடியும்வரை அந்தச் சுவரில் நிற்கும். அங்கே படுப்பவர்களில் பாதிப்பேர் 14 வயதிலிருந்து 22, 23 வயது வரையான பிள்ளைகளாக இருப்பார்கள்.

கொழும்பில் போல இவர்கள் கண்ணில் படமாட்டார்கள். குளிரும் மழையும் இவர்களை எங்காவது ஒரு மூலைக்குள் தள்ளிவிடும். பகலில் மூட்டை தூக்குவார்கள், சாப்பாட்டுக் கடையில் பீங்கான் கழுவுவார்கள், கரட் கழுவும் இடத்தில் தண்ணீருக்குள் நிற்பார்கள். அம்மா வெளிநாடு போய்த் திரும்பாத பிள்ளை, அப்பாவின் குடியில் அடிவாங்கி ஓடிவந்த பிள்ளை, தேயிலைத் தோட்டத்து லயன் (வரிசை வீடு) அறை ஒன்றுக்குள் மூன்று குடும்பம் இருந்ததால் படுக்க இடமில்லாமல் போன பிள்ளை, 13 வயதில் கொழும்புக் கடைக்குப் போய் சம்பளம் இல்லாமல் திரும்பி வந்து தோட்டத்துக்குப் போக வெட்கப்படுகிற பிள்ளை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கதை.

நாங்கள் நாலைந்து பேர் சில வருடங்களாக வாரம் ஒருமுறை இவர்களிடம் போய்வருகிறோம். தொடக்கத்தில் மருந்து ஒரு வேலை, படிப்பு வேறொரு வேலை என்று நினைத்தோம். ஒரு தம்பிக்கு இருமல் என்று ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவுக்கு, அதாவது ஓ.பி.டி.க்குக் கூட்டிப்போய் மருந்து வாங்கிக் கொடுத்தோம். அடுத்த வாரம் போனால் மாத்திரை உறை இரண்டும் பிரிக்காமல் சட்டைப்பையில் கிடக்கிறது. எது காலைக்கு, எது இரவுக்கு என்று அவனுக்கு வாசிக்கத் தெரியவில்லை, கேட்கவும் வெட்கம். அந்த மாத்திரை உறைதான் எங்கள் முதல் பாடப்புத்தகம். அன்றிலிருந்து இரண்டையும் ஒன்றாகவே செய்கிறோம். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

போவதற்கு முன்

முதலில் ஒரு நாளும் ஒரு நேரமும் குறியுங்கள். ஆறு மாதத்துக்காவது அதே கிழமை, அதே நேரம் போக முடியும் என்றால் மட்டும் தொடங்குங்கள். முதல் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டு நான் போகவில்லை. காலில் புண்ணோடு ஒரு பையன் மூன்று மணித்தியாலம் அங்கேயே காத்திருந்தான் என்று பிறகு மற்றவர்கள் சொன்னார்கள். அவன் மறுபடி என்னோடு பேச இரண்டு மாதம் ஆனது. இந்தப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்து ஏமாற்றியவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர். இன்னொருவராக நாமும் போய்ச் சேரக்கூடாது.

தனியாகப் போகாதீர்கள். குறைந்தது இரண்டு பேர், அதில் ஒருவர் பெண். எந்தப் பிள்ளையோடும் மறைவான இடத்தில் ஒருவர் மட்டும் இருக்கக்கூடாது. இது பிள்ளைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு. படம் எடுக்காதீர்கள். முகத்தை மறைத்து எடுத்தாலும் வேண்டாம்.

அப்புறம், மூன்று இடத்தில் சொல்லிவையுங்கள். ஒன்று, சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம், அதாவது எம்.ஓ.எச். கந்தோர். அங்கே இருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் (பி.எச்.ஐ.) மிட்வைஃப் அம்மாவையும் தெரிந்துவைத்திருப்பது பாதி வேலை முடிந்த மாதிரி. இரண்டாவது, பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர். மூன்றாவது, பொலிஸ் நிலையத்தில் சிறுவர், பெண்கள் பிரிவு. ஆனால் பொலிஸாரைக் கூட்டிக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போகாதீர்கள். ஊர்சுற்றித் திரிபவர்களைப் பிடிக்க வெள்ளைக்காரன் 1841இல் ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவந்தான். சட்டத்தின் பெயர் இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது; அந்தப் பயம் மட்டும் நன்றாகத் தெரியும்.

18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் சட்டப்படி சிறுவர். பாவமாக இருக்கிறது என்று உங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போகாதீர்கள். தங்க இடம் தேட வேண்டுமானால் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் வழியாகவே போக வேண்டும். அடி, பாலியல் துன்பம், கட்டாய வேலை என்று எது தெரிந்தாலும் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள். நேரம் பார்க்க வேண்டியதில்லை.

முதல் பேச்சு

"உனக்கு வீடு இல்லையா?" என்று கேட்டால் "இருக்கு, தோட்டத்துல" என்று எழுந்து போய்விடுவார்கள். வீடில்லாதவன் என்று தன்னைச் சொல்லிக்கொள்ள யாருக்குத்தான் மனம் வரும்? "ராவைக்கு எங்க தம்பி தங்கல்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் வரும். சின்னவர் என்றாலும் "நீங்க" போட்டுப் பேசினால் நிமிர்ந்து பார்ப்பார்கள், ஏனென்றால் நாள் முழுக்க அவர்கள் கேட்பது "டேய்" மட்டும்தான். சிங்களப் பிள்ளைகளும் இந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு பிளேன்டீ வாங்கினால் பக்கத்தில் இருக்கும் மல்லிக்கும் (சிங்களத்தில் தம்பி) வாங்குங்கள்.

முதல் இரண்டு மூன்று தடவை தேநீர், பனிஸ், பேச்சு. அவ்வளவு போதும். நோட்டுப் புத்தகத்தை வெளியே எடுத்துப் பெயர் எழுதத் தொடங்காதீர்கள். காசு கொடுக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கொடுக்காதீர்கள். அங்கே பெரிய பையன் சின்னவனிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொள்வான். சாப்பாடு, காலுறை, மருந்து, பஸ் கட்டணம் என்று பொருளாகக் கொடுங்கள்.

உடம்பு: காலில் தொடங்குங்கள்

நான் எப்போதும் காலைத்தான் முதலில் பார்ப்பேன். ஈரச் சப்பாத்தோடு படுத்து, ஈரச் சப்பாத்தோடே எழும்பும் கால் அது. விரல் இடுக்கில் சேற்றுப்புண் வெடித்திருக்கும். கழுவித் துடைத்து உலர்த்தி, பங்கசு மருந்து பூசி, காய்ந்த காலுறை ஒரு சோடி கொடுங்கள். இரவில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் படுக்கச் சொன்னால் "களவு போயிரும்" என்பார்கள். அது உண்மை. கழற்றித் தலைக்கடியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒருவருடைய காலைக் கையில் எடுத்துத் துடைத்துவிட்ட பிறகு பேச்சு தானாக வரும். வேறெந்த வழியிலும் இவ்வளவு சீக்கிரம் நம்பிக்கை வந்ததை நான் பார்க்கவில்லை.

அடுத்தது சொறி. விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, தொடையிடுக்கு என்று இரவில் அரிப்பு கூடும். இது சொறிப்பூச்சியால் வருவது. ஒருவருக்கு மட்டும் மருந்து பூசினால் வீண் வேலை. ஒரே சாக்கில், ஒரே அட்டைப்பெட்டியில் நெருங்கிப் படுக்கும் எல்லோரும் ஒரே இரவில் கழுத்திலிருந்து கால் விரல் வரை பூசிக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. துணியைச் சுடுதண்ணீரில் துவைத்து வெயிலில் போடுங்கள் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். ஆடி மாதத்து ஹட்டனில் வெயிலுக்கு எங்கே போவது? துணியைப் பொலித்தீன் பைக்குள் போட்டு இறுகக் கட்டி ஒரு வாரம் வைத்துவிடுங்கள். மனித உடம்பு கிடைக்காவிட்டால் அந்தப் பூச்சி இரண்டு மூன்று நாளில் செத்துவிடும். அந்த ஒரு வாரத்துக்கு மாற்றுத்துணி நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். மருந்து பூசிய பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் மருந்து பலிக்கவில்லை என்று உங்களை விட்டுவிடுவார்கள்.

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளிப் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள். இரவு வியர்வை, மெலிவு, சளியில் இரத்தம் இருந்தால் நாளைக்கு என்று தள்ளவே வேண்டாம். காசநோய்க்கான சோதனையும் மருந்தும் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் இலவசம். மருந்து பெரும்பாலும் ஆறு மாதம். இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும், பையன் மாத்திரையையும் நிறுத்திவிடுவான். அங்கேதான் நோய் மருந்துக்கு அடங்காததாக மாறுகிறது. யாராவது ஒருவர் கண் முன்னாலேயே மாத்திரையை விழுங்க வைக்க வேண்டும். ஸ்டாண்டில் தேநீர்க்கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் எங்களுக்காக இதைச் செய்தார். காலையில் பையன் வந்து மாத்திரையைப் போட்ட பிறகுதான் அவனுக்குத் தேநீர் ஊற்றுவார். உங்கள் டவுனிலும் அப்படி ஒருவர் இருப்பார், தேடிப்பிடியுங்கள்.

காய்ச்சல் வந்த பிள்ளை கான் (வடிகால்) துப்பரவு, கரட் கழுவுதல், வயல் என்று அழுக்குத் தண்ணீரில் நின்றதா என்று கேளுங்கள். கெண்டைக்கால் வலி, சிவந்த கண், குறைந்த சிறுநீர் இருந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். டாக்டரிடம் அந்தத் தண்ணீர்க் கதையை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள், பிள்ளை சொல்லாது. கண்டிப் பக்கம் என்றால் டெங்கும் மனதில் இருக்கட்டும். பரசிட்டமோல் தவிர வேறு வலி மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள்.

நாய் கடித்தால் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மண்ணெண்ணெய் எதுவும் பூசக்கூடாது. ஸ்டாண்டில் நாயும் பிள்ளையும் ஒன்றுக்கொன்று சூடு கொடுத்துத்தான் படுக்கிறார்கள், அதனால் இதை எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். துருப்பிடித்த தகரம், ஆணி குத்தினால் ஏற்பு (டெட்டனஸ்) ஊசி. வயிற்றுப்போக்குக்கு ஒரு ஜீவனி (உப்பு, சீனிக் கரைசல் தூள்) பக்கட்டை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள்.

குளிரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் புல்லில் உறைபனி படியும். போர்வையைவிடக் கீழே விரிப்பதுதான் முக்கியம், சீமெந்துத் தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். அட்டைப்பெட்டியை இரண்டு மூன்று அடுக்காகப் போடச் சொல்லுங்கள். சாராயம் குடித்தால் சூடு என்று நினைக்கிறார்கள். தோல் சூடாகத் தெரியும், உடம்புக்குள் இருக்கும் சூடு வெளியே போய்விடும். எல்லாவற்றிலும் ஆபத்து, மூடிய அறைக்குள்ளோ லொறிக்குள்ளோ கரி மூட்டி வைத்துக்கொண்டு தூங்குவது. அதில் வரும் நச்சு வாயுவுக்கு மணம் கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போகும். இதை ஒவ்வொரு குளிர்காலமும் முதல் வாரத்திலேயே சொல்லுங்கள். யாராவது உளறினால், நடுக்கம் நின்று தூங்கித் தூங்கி விழுந்தால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் காசு கேட்காது.

பெண் பிள்ளைகள்

ஸ்டாண்டில் பெண் பிள்ளைகள் தெரியவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. யாருடைய வீட்டிலோ வேலைக்கு, யாரோ ஒரு "மாமா"வின் அறையில், ஒரு பையனோடு லொட்ஜில் என்று மறைந்திருப்பார்கள். நம் குழுவில் உள்ள அக்காதான் அவர்களோடு பேச வேண்டும். மாதவிடாய்க்குத் துணி துவைத்துக் காயப்போட அவர்களுக்கு மறைவான இடமோ வெயிலோ இல்லை. பேட் கொடுங்கள், கூடவே ஒரு மாற்று உள்ளாடையும்.

பாலியல் வன்முறை நடந்திருந்தால் 72 மணித்தியாலத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போவது மிகமிக முக்கியம். கர்ப்பம் தரிக்காமல் இருக்கவும் எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்கவும் கொடுக்கும் மருந்துக்கு அந்த நேரக்கணக்கு உண்டு. பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இதற்கென்று "நட்பு நிலையம்" இருக்கிறது. சிங்களத்தில் "மிதுரு பியச" என்று பலகை போட்டிருக்கும். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. கர்ப்பமாக இருந்தால் கல்யாணம் ஆனதா என்று பார்க்காமல் மிட்வைஃப் பதிவு செய்வார். கிளினிக், விற்றமின், திரிபோஷ சத்துமா எல்லாம் அதன் பிறகு வரும். பாலியல் நோய்க் கிளினிக்கும் இலவசம், விபரம் வெளியே போகாது. இதைப் பையன்களிடமும் சொல்லுங்கள், அவர்களுக்கும் நடக்கிறது, அவர்கள் வாய் திறப்பது இன்னும் கஷ்டம்.

மனதைப் பற்றி ஒரு சொல். "செத்துப்போகலாம் போல இருக்கா?" என்று நேராகக் கேட்கப் பயப்படாதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள். 1926 மனநல உதவி இலக்கம். ஐஸ், குடு என்று போதைப்பொருள் பாவிக்கும் பிள்ளைக்குப் புத்திமதி சொல்லி நான் இதுவரை ஒருவரையும் திருத்தியதில்லை. எப்போது சாப்பிட்டான், எப்போது தூங்கினான் என்று கேட்டால் மட்டும் பேச்சு தொடர்கிறது.

ஆஸ்பத்திரிக்குக் கூடப் போகும்போது

துண்டு எழுதிக் கொடுத்துப் "போய்க் காட்டு" என்று அனுப்பினால் போகமாட்டார்கள். கூடப் போங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியத்துக்குக் காசும் வேண்டாம், அடையாள அட்டையும் வேண்டாம். ஆனாலும் ஒரு ஆஸ்பத்திரியில் "விலாசம் இல்லாமல் துண்டு எழுத முடியாது" என்று ஒருவர் எங்களைத் திருப்பி அனுப்பினார். பையனுக்கு 39 பாகை காய்ச்சல். அன்றிலிருந்து, பிறந்த தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் சொல்லப் பழக்கியிருக்கிறோம். அதுவும் தெரியாவிட்டால் எங்களில் ஒருவரின் விலாசம். போகும் முன் முகம் கழுவி மாற்றுச் சட்டை போடக் கொடுங்கள். இப்படிச் சொல்வது எனக்கே கசக்கிறது, ஆனால் வரிசையில் நிற்கும் மற்றவர்களின் பார்வை பையனைப் பாதி வழியில் திருப்பி அனுப்பிவிடும்.

காகிதம்

பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் கஷ்டம், அடையாள அட்டையும் கஷ்டம், பயிற்சியும் கஷ்டம். மலையகத்தில் இது புதிய கதை இல்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகிப்போன பாட்டன் பாட்டியின் பேரப்பிள்ளைகள் இவர்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு அந்தச் சிக்கல் தீர்ந்தது. காகிதச் சிக்கல் தீரவில்லை.

பிறந்த ஆஸ்பத்திரி, தோட்டம், ஏறத்தாழ எந்த வருடம் என்று கேட்டு, பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் தேடச் சொல்லி விண்ணப்பியுங்கள். பதிவே நடக்கவில்லை என்றால் காலங்கடந்த பதிவு செய்யலாம், அதற்கும் வழியில்லாவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழ் கேட்கலாம். சான்றிதழ் கையில் வந்ததும் பெயரை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். தமிழ் தெரியாதவர் காதால் கேட்டு எழுதிய பெயர்கள் ஏராளம். அப்பாவின் பெயர் ஒரு இடத்தில் ஒரு மாதிரி, இன்னொரு இடத்தில் வேறு மாதிரி இருந்தால் இப்போதே திருத்த விண்ணப்பியுங்கள்.

15 வயதானால் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். கிராம சேவகர் உறுதிப்படுத்த வேண்டும், தோட்டத்தில் என்றால் துரை, அதாவது தோட்ட அதிகாரி, கையொப்பம் வைக்கலாம். எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுத்து ஒன்றை நீங்கள் வைத்திருங்கள். ஸ்டாண்டில் பையோடு காகிதமும் களவு போகும்.

படிப்பு

சரி, இப்போது படிப்பு. 5 வயதிலிருந்து 16 வரை பாடசாலைக் கல்வி கட்டாயம். 16க்குக் கீழே என்றால் வலயக் கல்விப் பணிமனையில் முறைசாராக் கல்விப் பிரிவுக்குப் போய்ப் பேசுங்கள். ஒன்பதாம் வயதில் பள்ளியை விட்ட 14 வயதுப் பையனைச் சின்னப்பிள்ளைகளோடு நாலாம் வகுப்பில் உட்கார வைத்தால் இரண்டு நாளில் ஓடிவிடுவான். இடைவிலகியவர்களுக்கான எழுத்தறிவு வகுப்பு அந்த வலயத்தில் எங்கே நடக்கிறது என்று கேளுங்கள்.

அதற்கு முன் நீங்களே தொடங்கலாம். இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அரிச்சுவடியும் வேண்டாம். மாத்திரை உறையில் காலை, பகல், இரவு. பஸ் பலகையில் ஊர்ப் பெயர், தமிழிலும் சிங்களத்திலும். பிறப்புச் சான்றிதழில் சொந்தப் பெயர். அப்புறம் கணக்கு: எத்தனை நாள் வேலை, ஒரு நாளைக்கு எவ்வளவு, முதலாளி கொடுத்தது எவ்வளவு, மீதி எவ்வளவு. ஒரு சின்னக் கொப்பியில் தினமும் எழுதப் பழக்குங்கள். எங்களிடம் படித்த ஒருவன் அந்தக் கொப்பியைக் காட்டித்தான் மூன்று வார நிலுவைச் சம்பளத்தை வாங்கினான். அடுத்த வாரம் புதிதாக நாலு பேர் கொப்பி கேட்டு வந்தார்கள்.

16க்கு மேல் என்றால் தொழிற்பயிற்சி அதிகார சபை, நைட்டா (தேசிய பயிலுநர், கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை) இரண்டிலும் விசாரியுங்கள். சாதாரண தரம் சித்தியடையாதவர்கள் சேரக்கூடிய பயிற்சிகளும் உண்டு. பேக்கரியிலோ டயர்க் கடையிலோ சில வருடம் வேலை செய்தவருக்கு அந்த அனுபவத்தையே மதிப்பிட்டு என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் தரும் வழியும் இருக்கிறது. சாதாரண தரப் பரீட்சையை வெளிவாரியாகவும் எழுதலாம்.

ஊர் மாறும்போது

இவர்கள் ஒரு இடத்தில் நிற்கமாட்டார்கள். மழை பிடித்தால் பதுளை, சீசன் என்றால் நுவரெலியா, மனம் கசந்தால் ரயிலேறிக் கொழும்பு. தடுக்காதீர்கள், கோபிக்காதீர்கள். போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாலே அது உங்கள் மேல் வைத்த நம்பிக்கை. சான்றிதழ்ப் பிரதியைப் பொலித்தீனில் போட்டுக் கொடுங்கள். 1929, 1990, உங்கள் தொலைபேசி இலக்கம் மூன்றையும் அவரையே கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். காசநோய்க்கு மருந்து எடுப்பவர் என்றால் போகும் முன் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் சொல்லி, போகிற மாவட்டத்துக்கு மாற்றிக் கடிதம் வாங்குங்கள். சிகிச்சை அட்டை சட்டைப்பையில் இருக்கட்டும், அங்கே போய்ச் சேரும்வரைக்கான மாத்திரையும் கையில் இருக்கட்டும். எந்த மாத்திரை எப்போது என்று ஒருமுறை அவரையே வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டு பஸ் ஏற்றுங்கள்.